பழைய அளவுகளைத் தொலைக்காதே

மல்லாவி,
ஞாயிறு காலை.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா நலம். அம்மாவும் நலம். கண்புரை எடுத்த வலது கண்ணின் கட்டை அவிழ்த்து இன்று பதினெட்டாம் நாள். இந்தக் கடிதத்தை அந்தக் கண்ணை நம்பித்தான் எழுதுகிறேன். கிட்டப் பார்க்க மட்டும் கடையில் வாங்கிய வாசிப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன். முற்றத்து வேம்பு இலை இலையாகத் தெரிகிறது. வலது கண்ணை மூடிவிட்டு இடது கண்ணால் பார்த்தால், அதே வேம்பு தேநீர்ச் சாயம் பிடித்த துணிபோல மங்கி நிற்கிறது. இத்தனை வருடமும் நான் உலகத்தை அந்த நிறத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

நீ லேசர் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னபோது நான் பேசாமல் இருந்தேன். அதை நீ கோபம் என்று எடுத்துக்கொண்டதாக அம்மா சொன்னாள். கோபம் இல்லை, பிள்ளை. நீ சொன்ன காரணம் என் தொண்டையை அடைத்துவிட்டது. "கண்ணாடி இல்லாமல் ஓடக்கூடிய கண் வேண்டும் அப்பா" என்றாய்.

இறுதிப் போரில் மாத்தளனில் பதுங்குகுழிக்குள் உன் கண்ணாடி நொறுங்கியபோது உனக்குப் பன்னிரண்டு வயது. வட்டுவாகல் பாலத்தால் வந்த அன்று என் சாரத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். எது மரக்கட்டை, எது மனிதர் என்று கேட்டுக்கேட்டு வந்தாய். நான் ஒவ்வொரு முறையும் மரக்கட்டை என்றே சொன்னேன். முகாமில் புதுக் கண்ணாடி கிடைக்க மாதக்கணக்காயிற்று. பழைய எண் எழுதிய தாள் உன் பிறப்புச் சான்றிதழோடு போய்விட்டது. இவ்வளவும் தெரிந்த நான் லேசர் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? செய்துகொள். ஆனால் கிளினிக்கில் நான் கண்ட ஒன்றைக் கேட்டுவிட்டுச் செய்துகொள்.

சத்திரசிகிச்சைக்கு முன் கண்ணை அளக்க வரிசையில் இருந்தோம். எனக்கு முன்னால் சுவிசிலிருந்து ஊரோடு வந்துவிட்ட ஒருவர். அவருக்கும் கண்புரை. முன்பு கண்ணில் ஏதாவது சிகிச்சை செய்தீர்களா என்று வைத்தியர் கேட்டார். இருபது வருடத்துக்கு முன் லேசர் செய்ததாகச் சொன்னார். அப்போது எடுத்த அளவுகள் இருக்கின்றனவா? இல்லை. வைத்தியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் முறை வந்ததும் காரணத்தைக் கேட்டேன். விஞ்ஞானம் கற்பித்தவன் என்று தெரிந்ததும் அவரும் பொறுமையாக விளக்கினார்.

கண்புரையால் மங்கிய வில்லையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லையின் வலுவைக் கணிக்க முக்கியமாக இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று கண்ணின் நீளம். அதில் 1 மில்லிமீற்றர் பிசகினால் பார்வை ஏறத்தாழ இரண்டரை டயொப்டர் பிசகிவிடும். டயொப்டர் என்பது கண்ணாடி எண்ணைச் சொல்லும் அலகு. மற்றது விழிவெண்படலத்தின், அதாவது கருவிழிக்கு முன்னால் இருக்கும் தெளிந்த படலத்தின், வளைவு. வழக்கமான கருவி அந்தப் படலத்தின் முன்பக்கத்தை மட்டும் அளக்கும். பின்பக்கம் எல்லாரிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும். தூரம் மங்கும் குறும்பார்வைக்கு லேசர் செய்தால் முன்பக்கம் மட்டும் தட்டையாகிறது. விகிதம் கெட்டுவிட்டது, ஆனால் கருவிக்கு அது தெரியாது. உண்மையைவிடக் கூடிய வலுவைக் காட்டும். அதை நம்பி வைக்கும் வில்லை வலுக் குறைந்ததாகிவிடும். குறும்பார்வையோடு வளர்ந்து, லேசரால் அதைப் போக்கிய மனிதர், கடைசியில் தூரப்பார்வைக்காரராகிக் கண்ணாடி தேடுவார்.

இந்தக் கணக்குச் சிக்கல் வில்லையோடு கூடப் பிறந்தது. நீ வேலைக்குப் போகும் பஸ் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையைக் கடந்து போகும் என்றாய் அல்லவா? 1949 நவம்பர் 29 அன்று ஹரல்ட் ரிட்லி என்ற வைத்தியர் அங்கேதான் ஒரு பெண்ணின் கண்ணில் முதல் செயற்கை வில்லையை வைத்தார். இரண்டாம் உலகப் போரில் சுடுபட்ட விமானங்களின் பேர்ஸ்பெக்ஸ் என்ற தெளிந்த பிளாஸ்டிக் கூரை உடைந்து, அதன் துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் போயிருந்தன. கண் அவற்றை எதிர்க்காமல் அமைதியாக இருந்ததை அவர் கவனித்தார். அந்தப் பொருளிலேயே வில்லை செய்தார். கிளினிக் வைத்தியர் இதைச் சொன்னபோது எனக்கு உன் சின்ன மாமாவின் நினைவுதான் வந்தது. அவன் கண்ணுக்குள் போனது இரும்பு. இரும்பு கண்ணுக்குள் துருவாகி விழித்திரையை அரிக்கும், அரித்தது. ரிட்லியின் வில்லையைக் கண் ஏற்றுக்கொண்டது, ஆனால் அதன் வலு மிகக் கூடிப்போய் அந்தப் பெண்ணுக்குக் கடுமையான குறும்பார்வை வந்தது. பொருள் சரி, அளவு பிழை.

உனக்குச் செய்யப்போகும் லேசரின் கதையையும் சொல்கிறேன். 1981இல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் மூன்று பேர் 193 நானோமீற்றர் புறஊதா லேசரை விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பில் பாய்ச்சிப் பார்த்தார்கள். சுற்றுப்புறம் கருகாமல் சீவியதுபோல் வெட்டியது. அந்த மூவரில் ஒருவர் சென்னையில் பிறந்த ஸ்ரீனிவாசன். பிறகு ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற கண் வைத்தியர் அவரோடு சேர்ந்து அதை விழிவெண்படலத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் படலத்தின் தடிப்பே அரை மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். உன்னுடையதை நன்றாக அளந்து, போதும் என்று வைத்தியர் வாயால் சொன்ன பிறகே கட்டிலில் படு.

இப்போது படலத்தின் இரு பக்கத்தையும் படம் பிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. பழுதான வில்லையை எடுத்த கையோடு, சத்திரசிகிச்சை மேசையிலேயே கண்ணை அளக்கிறார்களாம். வைத்த பிறகும் புறஊதா ஒளியால் வலுவைத் திருத்தக்கூடிய வில்லை ஒன்றை 2017இல் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். இதைக் கேட்டு நான் சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தேன். ஆனால் அறுபது வயதில் உனக்கும் கண்புரை வந்தால், அப்போது நீ எந்த ஊரில் இருப்பாய் என்று யார் கண்டது? மல்லாவிக்கே வந்துவிடலாம். வர வேண்டும் என்பது என் ஆசை. அன்று இங்குள்ள கிளினிக்கில் எந்தக் கருவி இருக்கும் என்று சொல்ல முடியாது. உன் பழைய எண்கள் கையில் இருந்தால் எந்தக் கருவியோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆகவே லேசருக்கு முன் இரு கண்ணிலும் எடுத்த வளைவு அளவு, படலத்தின் தடிப்பு, அன்றைய கண்ணாடி எண், எடுத்திருந்தால் கண்ணின் நீளம், எல்லாவற்றையும் தாளில் கேட்டு வாங்கு. எத்தனை மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சீவினார்கள் என்பதையும், மாதங்கள் கழிந்து பார்வை நிலைத்த பிறகு எடுக்கும் எண்ணையும் விடாதே. தொலைபேசிக்குள் இருக்கிறது என்று என்னிடம் சொல்லாதே. தாளில் வேண்டும்.

கிட்டவும் தூரமும் தெரியும் விலைகூடிய வில்லைக்கு நீ பணம் அனுப்புகிறேன் என்றாய். அதை நான் ஏன் மறுத்தேன் என்று அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த வகை வில்லை ஒளியைப் பங்கு போடுகிறது, இரவில் விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரியக்கூடும். நான் வயற்காவலில் பரணில் இருந்து டோர்ச் அடித்து யானையைப் பார்க்கிறவன். எனக்குத் தூரம் ஒன்றே தெளிவாகத் தெரிந்தால் போதும். மதுரையில் 1992 முதல் ஓரோலாப் என்ற நிறுவனம் குறைந்த விலைக்கு வில்லை செய்து உலகமெங்கும் அனுப்புகிறது. விலை குறைந்தது என்பதற்காக ஒரு வில்லையைத் தாழ்வாக நினைக்காதே.

என் வில்லையின் அட்டையில் வலு 21.5 என்று இருக்கிறது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காணி உறுதியோடு இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் இன்னோர் உறை வெறுமையாக இருக்கிறது. உன் தாள்களின் பிரதியை அதற்கு அனுப்பு.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் வரச்சொல்லியிருக்கிறார்கள். விதைப்புக்கு முன் முடிந்துவிடும். வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலில் இரண்டு சோடி கண்மலர் சாத்துவதாக அம்மா நேர்ந்திருக்கிறாள். என்னுடையதை வாங்கிவிட்டாள். உன்னுடையதை, உன் சிகிச்சை முடிந்து நீயே பேசிய பிறகுதான் வாங்குவாளாம்.

அன்புடன்,
அப்பா