பெரிய விலங்கு வேட்டையும் பட்டறைத் தோட்டாக்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய விலங்குகளை வேட்டையாடுவதற்காக அமெரிக்கப் பட்டறைகளில் தனித்தனியாக உருவாக்கப்படும் ‘வைல்ட்கேட்’ வகை ரைபிள் தோட்டாக்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத பொருள் என்பதால் கட்டுரையாளரின் உழைப்பைப் பாராட்டுகிறேன். ஆனால், குண்டின் வேகத்தைக் கூட்டக் கூட்ட விலங்கு துன்பப்படாமல் உடனே விழும் என்று அவர் முடித்திருப்பது சரியன்று. எங்கள் ஊர் இளைஞர்கள் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதைக் கண்ட பிறகு, இதை எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

கடையில் கிடைக்கும் ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அதன் கழுத்தைக் குறுக்கியோ அகட்டியோ, உடலின் சரிவைக் குறைத்தோ, வேறு வடிவத்துக்குக் கொண்டுவந்து, அதற்கேற்பத் துப்பாக்கியின் தோட்டா அறையையும் கடைந்துகொள்வதே இந்தக் கலை. பார்க்கர் ஆக்லி போன்ற கைதேர்ந்த துப்பாக்கிக் கலைஞர்கள் தம் வாழ்நாளையே இதற்குச் செலவிட்டிருக்கிறார்கள். இதில் நல்லவையும் உண்டு. 1920ஆம் ஆண்டு வாக்கில் 30-06 என்னும் ரைபிள் தோட்டாவின் கழுத்தைக் குறுக்கி உருவாக்கப்பட்ட 25-06, ஏறத்தாழ அரை நூற்றாண்டு பட்டறைச் சரக்காகவே இருந்து, 1969இல்தான் ரெமிங்டன் நிறுவனத்தின் வழியாகக் கடைக்கு வந்தது.

பெரிய விலங்கு வேட்டையில் இதைவிடத் தெளிவான சான்று .458 லாட் என்னும் தோட்டா. 1956இல் வின்செஸ்டர் நிறுவனம் வெளியிட்ட .458 மேக்னம் தோட்டாவின் கூடு குட்டையானது. அதற்குள் வெடிமருந்தை அழுத்தித் திணிக்க வேண்டியிருந்ததால், எதிர்பார்த்த வேகம் களத்தில் பல நேரங்களில் கிடைக்கவில்லை. 1959இல் மொசாம்பிக்கில் காட்டெருமையால் தாக்கப்பட்டுப் படுகாயமடைந்த வேட்டைக்காரர் ஜாக் லாட், பின்னர் .375 ஹாலண்ட் தோட்டாவின் நீளமான கூட்டிலிருந்து தமக்கு வேண்டியதை உருவாக்கினார். சுமார் 32 கிராம் எடையுள்ள குண்டை அது வினாடிக்கு ஏறத்தாழ 700 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. ஹார்னடி நிறுவனம் 2002இல் அதைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் அது பரவலாகக் கிடைத்தது. களத்தில் கண்ட ஒரு குறையைத் தீர்க்கப் பிறந்த தோட்டா அது. வெறும் வேகத்துக்காகக் கூட்டைப் பெருக்கும் இன்றைய மோகத்தை அதனோடு சேர்த்துப் பேசுவது ஜாக் லாட்டின் உழைப்புக்குச் செய்யும் நியாயமாகாது.

கட்டுரையாளர் விட்டுவிட்ட முக்கியமான செய்தி, மருந்து எரியும்போது தோட்டா அறைக்குள் எழும் அழுத்தம். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கித் தொழிலாளர்கள் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பிய பெரிய தோட்டாக்களின் கூடுகள் அவ்வளவு அகலமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அக்காலத்து கார்டைட் என்னும் வெடிமருந்து வெயிலில் சூடேறினால் அழுத்தம் ஏறிவிடும். சுட்ட கூடு தோட்டா அறையில் இறுகிக்கொள்ளும். எதிரே காட்டெருமை வந்துகொண்டிருக்கும்போது இரண்டாவது தோட்டாவை ஏற்ற முடியாது. எனவே இடத்தைத் தாராளமாக விட்டு, அழுத்தத்தைக் குறைவாகவே வைத்தார்கள். 1911இல் வந்த .416 ரிக்பி என்னும் ஆங்கிலேயத் தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 47,000 பவுண்டுதான். ‘மேக்னம்’ எனப்படும் இன்றைய அதிக ஆற்றலுள்ள தோட்டாக்கள் பலவற்றில் அது 60,000ஐத் தாண்டுகிறது. கடைத் தோட்டாவுக்கு இத்தகைய வரம்பைச் சோதித்து வகுக்க அமைப்புகள் இருக்கின்றன. பட்டறைத் தோட்டாவுக்கு அந்தக் காவல் இல்லை. அதைச் செய்தவரின் அனுபவம் மட்டுமே துணை.

நம் மலேசிய நாட்டு ஈரப்பதத்தில் அந்தக் காவலின் அருமை இன்னும் நன்றாக விளங்கும். தோட்டத்தில் பன்றி விரட்ட உரிமத்தோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்த என் தந்தையார், மழைக்காலத்தில் புறப்படும் முன் காகிதக் கூட்டுத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் குழலில் போட்டு எடுத்துப் பார்ப்பார். ஈரத்தில் உப்பிப்போய் விளிம்பு வரை இறங்காததை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போவார். தொழிற்சாலையில் செய்த தோட்டாவுக்கே அவ்வளவு கவனம் வேண்டியிருந்தது.

விலங்கு உடனே விழுவது குண்டு படும் இடத்தையும் குண்டின் கட்டமைப்பையும் பொறுத்தது. ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அறியப்படும் வால்டர் பெல், அவற்றுள் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவால் வீழ்த்தினார். சுமார் 11 கிராம் எடையுள்ள, நசுங்காத திடக் குண்டை, யானையின் மண்டையோட்டில் மூளை இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறிந்து செலுத்தியதே அவருடைய திறமை. அத்தனை உயிர்களைக் கொன்றதை நான் போற்றவில்லை; தோட்டாவின் பருமனைப் பற்றிய மயக்கம் தீர வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். மெல்லிய உறை கொண்ட குண்டை மிதமிஞ்சிய வேகத்தில் செலுத்தினால், தடித்த தோலிலும் தோள் எலும்பிலும் பட்டுச் சிதறி, உள்ளுறுப்பைத் தொடாமலே நின்றுவிடும். காயத்தோடு புதருக்குள் ஓடும் விலங்கு நாள்கணக்கில் துடிக்கும். அதைத் துன்பமற்ற சாவு என்று எப்படிச் சொல்வது?

அடிப்பாகத்து எழுத்தும் சிக்கல்தான். உருமாற்றிய கூட்டின் அடியில் பெரும்பாலும் பழைய தோட்டாவின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கும். வேறு துப்பாக்கிக்காரர் அதை நம்பித் தம் துப்பாக்கியில் இட்டால் விபத்து. எல்லைச் சோதனையில் உரிமத்தோடு ஒப்பிட்டால் வழக்கு. ஆப்பிரிக்கப் பயணத்தில் தோட்டாப் பெட்டி தொலைந்துவிட்டால், .375 ஹாலண்டை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பட்டறைத் தோட்டாவுக்கு எந்தக் கடையும் இல்லை.

நம் நாட்டில் செலாடாங் என்னும் காட்டு மாட்டின் வேட்டைக்குப் பெயர்பெற்றிருந்த தியோடர் ஹப்பேக்தான், பின்னாளில் அவ்விலங்குகளைக் காப்பதற்காகப் பல ஆண்டுகள் வாதாடி, இன்றைய தாமான் நெகாரா தேசியப் பூங்கா உருவாகக் காரணமானவர். செலாடாங், யானை, புலி ஆகியவை இன்று 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முழுப் பாதுகாப்பு பெற்றவை. செம்பனை மறுநடவில் இளங்கன்றுகளைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றியைச் சுடக்கூட பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். அதற்கு உரிமம் பெற்ற ஷாட்கன்னும் கடைத் தோட்டாவும் தாராளமாகப் போதும். உரிமமின்றித் தோட்டா வைத்திருந்தாலே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அக்கட்டுரையோடு வெளியான படத்தில், மேசை மேல் விரித்துவைத்த மருந்தளவுப் பட்டியல் எழுத்தெழுத்தாகப் படிக்கும்படி தெரிகிறது. தங்கள் இணையப் பதிப்பிலிருந்தாவது அந்தப் படத்தை நீக்கிவிடுமாறும், மேற்சொன்ன சட்ட விவரத்தை அதே பக்கத்தில் சேர்க்குமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்