கால்பந்துச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2018–19

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்தோர்களே, தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பொதுக்குழு ஏப்ரல் முதல் வாரத்தில் நடந்திருக்க வேண்டியது. முதல் அழைப்புக்கு வந்தவர்கள் பதினோரு பேர். தேர்தல் வேலை என்றார்கள், ஒப்புக்கொண்டேன். மே மாதம் இரண்டாம் முறை அழைத்தேன். வாக்குப்பதிவு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளெல்லாம் கரையில் நின்றன, யாரும் கடலில் இல்லை. வந்தவர்கள் ஒன்பது பேர். இன்று ஜூன் 2, மூன்றாவது அழைப்பு. நம் விதிப்படி மூன்றாவது கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை (கோரம்) தேவையில்லை என்பதால் வந்திருப்பவர்களை வைத்தே அறிக்கையை வாசிக்கிறேன். நோன்பு வைத்திருக்கும் சகோதரர்கள் பள்ளிவாசலுக்குப் போகும் முன் முடித்துவிடுவேன்.

ஆண்டு நிகழ்ச்சிகள்: சுதந்திர தினத்தன்று கொடியேற்றி, மாலையில் இரு அணிகளாகப் பிரிந்து நட்பு ஆட்டம் நடத்தினோம். நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நாகைப் பக்கத்துக்கு அரிசியும் போர்வையும் திரட்டி அனுப்பினோம். பொங்கல் போட்டியில் ஆறு அணிகள் கலந்துகொண்டன, நம் அணி அரையிறுதியில் வெளியேறியது. குடியரசு தினத்தன்று இனிப்பு வழங்கப்பட்டது. செயற்குழு ஐந்து முறை கூடியது.

இனி, இந்த ஆண்டு சங்கம் செய்த முக்கியமான வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்: சென்னை சிட்டி கால்பந்து அணியின் ஆட்டங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டியதும், கடைசி ஆட்டத்துக்கு அவர்களைக் கோயம்புத்தூர் அழைத்துப் போனதும். அதைப் பற்றித் தேநீர்க்கடையில் பேசியவர்கள் அதிகம், சங்கத்தில் வந்து கேட்டவர்கள் எவரும் இல்லை. ஆகவே இங்கேயே முழுமையாகப் பதில் சொல்கிறேன்.

சென்ற அக்டோபரில் ஆண்களுக்கான தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக் தொடங்கியபோது, சென்னை சிட்டி அணியின் ஆட்டங்களைச் சங்கக் கட்டடத்தில் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து போட்டுக் காட்டுவது என்று செயற்குழு முடிவு செய்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான்தான். அந்த அணி 2016–17இல்தான் ஐ-லீக்குக்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு பத்து அணிகளில் எட்டாவது இடம். அந்த ஆண்டு அணித் தலைவராக இருந்த மைக்கேல் சூசைராஜ் குமரிக் கடற்கரைப் பிள்ளை. நம் பையன்கள் அவரைப் பார்த்துத்தான் இந்த அணியின் பெயரையே தெரிந்துகொண்டார்கள். அவரும் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். “ஆள் போன அணியை எதற்குப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டார்கள். நம் மாநிலத்து அணி இந்தியா முழுவதும் போய் ஆடுகிறது, நம் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே என் எண்ணம்.

முதல் ஆட்டம் அக்டோபர் 26, இந்தியன் ஆரோஸ் அணியுடன். 4–1 என்று சென்னை சிட்டி வென்றது. பெட்ரோ மான்சி மூன்று கோல் அடித்தார். ஸ்பெயினின் கீழ்ப்பிரிவு லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த அவரை இங்கே யாருக்கும் தெரியாது. நெஸ்டர், சாண்ட்ரோ என்று உடன் வந்தவர்களும் அப்படித்தான். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். அவர்களோடு எட்வின் சிட்னி வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் மாநில வீரர்கள். பந்தைத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுகிற ஆட்டம் இல்லை அது. கோல்கீப்பரிடமிருந்தே சின்னச் சின்னப் பாஸ்களாகத் தரையோடு கொண்டுவந்தார்கள். நம் திடலில் அப்படி ஆடினால் பந்து மணலில் நின்றுவிடும். ஆனாலும் நவம்பர் மாதத்துக்குள் நம் பையன்கள் தண்ணீர் ஓரத்து இறுகிய மணலுக்குப் போய், வெறுங்காலோடு, அதே மாதிரிப் பாஸ் செய்து பழகத் தொடங்கினார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களாகவே செய்தார்கள்.

நூறாண்டுப் பெருமையை நெருங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலை இந்த அணி கொல்கத்தாவில் ஒரு முறை, கோயம்புத்தூரில் ஒரு முறை என இரண்டு ஆட்டத்திலும் வென்றது. சீசனின் பின்பாதியில் பல ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வரவில்லை. டிஷ்ஷுக்குப் பணம் கட்டியும் ஆட்டம் வராததற்குச் செயலாளர் பொறுப்பில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ஆட்டம் வராத நாட்களில் கைப்பேசியில் ஸ்கோர் பார்த்துக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பள்ளி விட்டதும் பிள்ளைகள் முதலில் அந்தப் பலகையைத்தான் வந்து பார்த்தார்கள்.

“பெரிய அணி இருக்க இதை ஏன் பார்க்க வேண்டும்?” என்று சிலர் கேட்டார்கள். அந்தப் பெரிய அணியான ‘சென்னையின் எஃப்.சி.’ சென்ற ஆண்டு மார்ச் 17 அன்று பெங்களூரை அதன் திடலிலேயே 3–2 என்று வென்று, ஐ-லீக்கிலிருந்து வேறான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை எடுத்தபோது நாம் எல்லோரும் பட்டாசு வெடித்தோம். அதே அணி இந்த ஆண்டு 18 ஆட்டங்களில் 9 புள்ளி பெற்றுக் கடைசி இடம். அவர்களைக் குறைத்துப் பேசுவதற்காகச் சொல்லவில்லை, தோற்றாலும் நம் அணிதான். ஆனால் அதே ஆண்டில் இன்னொரு நம் அணி பட்டியலின் உச்சியில் நின்றது. அதையும் பாருங்கள் என்றுதான் கேட்டேன்.

மார்ச் முதல் வாரத்தில் சென்னை சிட்டி சர்ச்சில் பிரதர்ஸிடம் 3–2 என்று தோற்றதும் நிலைமை மாறியது. ஒரே ஒரு ஆட்டம் மிச்சம். சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கடைசி ஆட்டம் மார்ச் 9 சனிக்கிழமை, முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாபுடன், கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவுடன் ஆடும். நாம் டிரா செய்து அவர்கள் வென்றால் கோப்பை கொல்கத்தாவுக்கு. அன்றைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது என்று முடிவெடுத்தேன். செயற்குழுவைக் கூட்ட நேரமில்லை. தலைவரிடமும் பொருளாளரிடமும் நேரில் போய்ச் சம்மதம் வாங்கினேன், அவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள். வேனில் வந்த பதினான்கு பையன்களில் மூவர் விடுமுறை நாட்களில் அப்பாவோடு கடலுக்குப் போகிறவர்கள். அந்த ஒரு நாள் பங்கை விட்டுவிட்டு வந்தார்கள். அந்தத் தகப்பன்மார் மூவரும் ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. இந்தச் சங்கம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

வெள்ளி இரவு புறப்பட்டோம். பரமக்குடி, மதுரை, ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் வழியாகக் காலையில் கோயம்புத்தூர் சேர்ந்தோம். ஒட்டன்சத்திரம் தாண்டி விடிந்தபோது காற்றாலைகளைப் பார்த்துப் பையன்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாலை ஸ்டேடியத்துக்குள் நுழைந்ததும் நம் கோல்கீப்பர் பையன் படியிலேயே நின்றுவிட்டான். புல் தரை முழுவதும் ஒரே பச்சையாக இருந்தது. “அண்ணே, இதில் விழுந்தால் காயமே படாது” என்றான். அவன் முழங்கையிலும் இடுப்பிலும் கிளிஞ்சல் கிழித்த தழும்புகள் இருப்பதை நான் அறிவேன்.

ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடம் மினர்வா கோல் போட்டது. இடைவேளை வரை 1–0 பின்னால். எங்கள் வரிசையில் யாரும் பேசவில்லை. வாங்கி வைத்திருந்த சுண்டல் பொட்டலங்கள் பிரிக்காமலேயே மடியில் கிடந்தன. இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது, மான்சி போட்டார், 1–1. அது அவருக்கு அந்த சீசனின் 21ஆவது கோல். அப்போது கோழிக்கோட்டில் இன்னும் கோல் விழவில்லை. பிறகு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா ஒன்று அடித்தார், 2–1. கோழிக்கோட்டில் கோகுலம் முன்னால் போய்விட்டது என்று கைப்பேசியில் வந்ததும் பையன்கள் குதித்தார்கள். அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. ஈஸ்ட் பெங்கால் சமன் செய்தது, கடைசி நிமிடங்களில் முந்தியும் விட்டது. அதாவது இங்கே மினர்வா இன்னொரு கோல் போட்டால் எல்லாம் போயிற்று. அந்தச் சில நிமிடங்கள் என் இடது கையை ஒரு பையன் இறுக்கிப் பிடித்திருந்தான். பிறகு பார்த்தேன், நகம் பதிந்திருந்தது. கூடுதல் நேரத்தில் போரா மறுபடியும் அடித்தார். 3–1. ஈஸ்ட் பெங்காலுக்கு 42, நமக்கு 43. ஐ-லீக்கைத் தமிழ்நாட்டு அணி ஒன்று வென்றது அதுதான் முதல் முறை. நம் ஊர்ப் பையன்கள் பதினான்கு பேர் அதை நேரில் பார்த்திருக்கிறார்கள்.

“டிவியில் பார்த்திருக்கலாமே” என்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திரும்பி வந்த மறுவாரம் பையன்கள் என்னைக் கேட்காமலேயே கோல் வலையை இறக்கினார்கள். அது கழித்துப்போட்ட நண்டு வலையில் நான்கு ஆண்டுக்கு முன் நாம் கட்டியது, பந்து புகுந்து வெளியே போகும் அளவுக்கு ஓட்டை. வலை ஊசியும் நைலான் நூலும் வீட்டிலிருந்து கொண்டுவந்து, இரண்டு மாலை உட்கார்ந்து, கண்ணிக்குக் கண்ணி முடிச்சுப் போட்டு முடித்தார்கள். இறங்கிப் போய்ப் பாருங்கள், இப்போது ஒரு ஓட்டை கிடையாது. ஆனால் கம்பங்கள் இன்னும் சவுக்குக் கம்பங்கள்தான், ஒன்று அடியில் உளுத்துவிட்டது.

வரவு செலவு: பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்ற ஆண்டின் கையிருப்பு, சந்தா, பொங்கல் நன்கொடை சேர்ந்து வரவு. போட்டிச் செலவு, மின்கட்டணம், பந்து, டிஷ் சந்தா, வேன் ஆகியவை செலவு. இரண்டும் ஏறக்குறைய ஒத்துவருகின்றன. வேன் வாடகையில் ஒரு பங்கு வளைகுடாவிலிருக்கும் நம் உறுப்பினர்கள் அனுப்பியது, ஒரு பங்கு சங்க நிதி. குறைந்த தொகையை நான் என் கையிலிருந்து போட்டிருக்கிறேன், அதைத் திரும்பக் கேட்கவில்லை. ரசீதுகள் கோப்பில் உள்ளன, எவரும் எப்போதும் பார்க்கலாம்.

சந்தா பற்றி வருத்தத்தோடு சொல்கிறேன். பதிவேட்டில் அறுபத்தெட்டுப் பெயர் இருக்கிறது. மாதம் முப்பது ரூபாய் சந்தாவை ஆண்டு முழுவதும் கட்டியவர்கள் பத்தொன்பது பேர். அதில் எட்டுப் பேர் துபாயிலும் குவைத்திலும் இருக்கிறார்கள். கடல் தாண்டி இருப்பவருக்கு நினைவு இருக்கிறது, திடலைத் தாண்டி வீட்டுக்குப் போகிறவருக்கு இல்லை. தடைக்காலத்தில் வருமானம் இல்லை என்பதை நான் அறிவேன், அந்த இரண்டு மாதத்துக்கு யாரிடமும் கேட்டதில்லை, இனியும் கேட்கமாட்டேன். மற்ற பத்து மாதங்களைத்தான் கேட்கிறேன். மூன்று முறை வீடு தேடிப் போனேன். ஒரு வீட்டில் “செயலாளர் வசூலுக்கு வந்திருக்கிறார்” என்று வாசலில் இருந்தே உள்ளே குரல் கொடுத்தார்கள். எனக்கு அது மிகவும் வலித்தது. நான் எனக்காகப் போகவில்லை.

தடைக்காலத்தில் திடலின் தென்பகுதியில் படகுகளை ஏற்றி வைப்பதைப் பற்றியும் பேச வேண்டும். பழுது பார்க்க வேறு இடமில்லை என்பது உண்மை. பலகையில் அடித்த ஆணிகளையும் கண்ணாடியிழைத் துண்டுகளையும் பொறுக்கிவிட்டுப் போகும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் வெறுங்காலில் ஆடுகிறார்கள்.

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், பொங்கல் போட்டிக்குப் பந்தலும் தண்ணீரும் தந்தவர்களுக்கும், ஜமாஅத்தாருக்கும், ஆலய நிர்வாகத்துக்கும், வேன் ஓட்டுநர் தம்பிக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். பதினொரு நாளுக்கு முன், மே 22 அன்று, லூதியானாவில் மகளிர் தேசிய லீக் இறுதி ஆட்டம் நடந்தது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்றது. ஒரே சீசனில் ஆண்கள் ஐ-லீக் கோப்பையும் பெண்கள் லீக் கோப்பையும் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டன. மறுநாள் தேர்தல் முடிவு, நான் வாங்கும் நாளிதழில் அந்த வெற்றி ஒரு மூலையில் கிடந்தது. அதைக் கத்தரித்துச் சங்கப் பலகையில் ஒட்டினேன். சேது என்பது நம் மண்ணின் பெயர். இந்தக் கரையில் சேதுபதிகள் ஆண்டார்கள், சேதுக்கரை நமக்குக் கூப்பிடு தூரம். அந்தத் துண்டை ஒட்டிய அன்று மாலை மூன்று சிறுமிகள் வந்து, “எங்களுக்கும் பந்து தருவீர்களா?” என்று கேட்டார்கள். கொடுத்தேன். இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள், அதிகாலையில், பையன்கள் திடலுக்கு வருவதற்கு முன். அவர்கள் உடை மாற்ற ஓர் அறை வேண்டும். கட்டடத்தின் பின்னறையில் கிடக்கும் பழைய நாற்காலிகளை எடுத்துவிட்டு ஒரு கதவு போட்டால் போதும்.

ஏழு ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். இளையவர் எவரேனும் முன்வந்தால் பதிவேடு, சாவி, முத்திரை மூன்றையும் இன்றே ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். எவரும் வராவிட்டால் தொடர்வேன். தொடர்வதானால் இரும்புக் கம்பங்கள் இரண்டு ஜோடி, ஒரு கதவு, சிறுமிகளுக்கு நான்கு பந்து, இவை இல்லாமல் அடுத்த பொங்கல் போட்டியை நடத்தமாட்டேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நிலுவைச் சந்தா முழுவதும் வந்தால் இவை அத்தனைக்கும் போதும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

நிலுவைப் பட்டியல் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது. பெயர்களை இங்கே வாசிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கத்து மேசையில் இருப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்
02–06–2019