பாப்பாவுக்கு, பெட்ரோல் கணக்கு பற்றி

அன்புள்ள பாப்பா,

அப்பா எழுதறேன். போன்ல பேசினா "அப்புறம் கூப்பிடறேன்ப்பா"ன்னு வெச்சிடற. அம்மாவுக்கு சர்க்கரை பரவாயில்லை. ஆவடி அத்தை வீட்டு விசேஷத்துக்கு நீ வராததுக்கு நானே ஏதோ சொல்லிச் சமாளிச்சுட்டேன்.

பெட்ரோலுக்கே மாசம் ஒன்பதாயிரம் ஆகுதுன்னு அம்மாகிட்ட சொன்னியாம். அதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பஸ் டிப்போவுல டிரைவருக்கு டிரைவர் கே.எம்.பி.எல், அதான் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு பார்ப்பாங்கன்னு உனக்குத் தெரியும். அந்தக் கணக்குலயே பொழைச்சவன் நான்.

நாவலூர்ல இருந்து தரமணி போய்வர 30 கிலோமீட்டர். மாசம் 22 நாளைக்கு 660. ஓ.எம்.ஆர்ல மெட்ரோ வேலை நெரிசல்ல லிட்டருக்கு 12 கொடுத்தாலும் 55 லிட்டர்தான். லிட்டர் நூறு ரூபாய் சொச்சம், ஐயாயிரத்து ஐந்நூறு கிட்ட வரும். வேற எங்கேயும் போறதில்லைன்னு சொல்ற. நீ அனுப்பின சர்வீஸ் பில்லுல ஓடின கிலோமீட்டரும் அதையேதான் சொல்லுது. மீதி எங்கே போகுது?

முதல்ல பங்க்கைத்தான் சந்தேகப்பட்டேன். 5 லிட்டர் அளவுப் பாத்திரம் எல்லா பங்க்லயும் இருக்கும். அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம், மறுக்க முடியாது. 25 மில்லிக்கு மேல குறையக் கூடாது. விடியக்காலையில போட்டா ஜாஸ்தி வரும்னு சொல்றதை நம்பாதே, டேங்க் பூமிக்கு அடியில இருக்கு. இப்போ வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனால்ல சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு குறைவு. அப்படிப் பார்த்தாலும் மைலேஜ் நூத்துக்கு ஆறு ஏழுக்கு மேல அடி வாங்காது. டயர்ல பத்து பாயின்ட் காத்து குறைஞ்சிருந்தா இன்னொரு ரெண்டு மூணு. எதுக்கும் காத்து பாரு. வண்டி ஓடிச் சூடாகறதுக்கு முன்னாடி பார்க்கணும். டிரைவர் கதவைத் திறந்தா எவ்வளவுன்னு ஸ்டிக்கர்ல போட்டிருக்கும்.

நீ ஓட்டறதுல குறையே இல்லை. சிக்னலைத் தூரத்திலயே பார்த்து ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கறதை ஒரு தடவைதான் சொல்லிக் கொடுத்தேன். என்கூட வேலை பார்த்தவங்கள்ல பாதிப் பேருக்கு அது கடைசி வரைக்கும் வரலை. அதனால நீ ஓட்டி வீணாகலைன்னு எனக்கு நிச்சயம்.

எல்லாத்தையும் கழிச்சாலும் முப்பது லிட்டர் கிட்ட நிக்குது. நின்ன இடத்திலயே ஏசி போட்டு எஞ்சின் ஓடினா மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும் குடிக்கும். கிலோமீட்டர் ஏறாது, பெட்ரோல் மட்டும் இறங்கும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல வண்டி அப்படி நின்னாத்தான் இந்தக் கணக்கு நேராகுது.

சம்பந்தியம்மா இன்னும் உங்ககூடத்தான் இருக்காங்களா?

பாப்பா, உங்க அபார்ட்மென்ட்ல வண்டி நிறுத்தற இடம் பேஸ்மென்ட். அங்கே எஞ்சினை ஓடவிட்டு உட்காரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், களைப்புன்னு நினைச்சுக் கண்ணை மூடிடுவோம். புது வண்டிதானே, புகையே வரலையேன்னு இருந்துடாதே. கண்ணாடியை ஏத்திட்டு ஏசி போட்டுக்கிட்டா உள்ள வராதுன்னும் நினைக்காதே. உட்காரணும்னு தோணினா எஞ்சினை நிறுத்திட்டு வெளியே இறங்கி வா. இதை ரெண்டு தடவை எழுதினாலும் பரவாயில்லை: பேஸ்மென்ட்ல எஞ்சினை ஓடவிட்டு உட்காராதே.

ஏன் எதுக்குன்னு நான் கேட்கலை. பெரியபாளையம் போயிட்டு வந்தப்போவே அம்மா என்னமோ சொன்னா, நான்தான் நம்பலை. உன் மேல எனக்குக் கோபமும் இருக்கு. சம்பாதிக்கிற பொண்ணு, இவ்வளவு கெட்டிக்காரி, இதை ஒருத்தர்கிட்டகூட சொல்லக் கூடாதா?

இனிமே டேங்க்கை ரொப்பும்போதெல்லாம் மீட்டரை எழுதி வை. அடுத்த தடவை ரொப்பறப்போ ஓடின தூரத்தைப் போட்ட லிட்டரால வகுத்து எனக்கு அனுப்பு. வேற எதுவும் எழுத வேண்டாம், அந்த ஒரு நம்பர் போதும். அதைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சுடும்.

தரமணியில இருந்து வியாசர்பாடிக்கு ரெண்டு லிட்டர் ஆகாது. நீ ஒரு நாளைக்கு நின்ன இடத்துல செலவழிக்கறதோட இன்னும் கொஞ்சம் போட்டா அம்மா கையால சாப்பிட்டுட்டுப் போகலாம். நம்ம கேட் முன்னாடி நிக்கிற ஆட்டோவை ராத்திரியில தெருமுனையில விடச் சொல்லிட்டேன், உன் வண்டிக்கு இடம் இருக்கு. எத்தனை மணியானாலும் வா. ஹாரன் அடிக்காதே, போன் பண்ணு, நான் வந்து திறக்கிறேன்.

அப்பா