தண்ணி நிறைய இருந்தா போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வெளிக்கிரகங்கள் (வேற நட்சத்திரங்களச் சுத்தற கிரகங்கள்) பத்தின கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா தண்ணி எவ்ளோ அதிகமோ உயிர் இருக்க அவ்ளோ சான்ஸுங்கற மாதிரி சொல்லிட்டுப் போனது எனக்கு ஒத்துவரல. பூமில 71 சதவீதம் கடல்னு ஸ்கூல்லேர்ந்து கேட்டுக் கேட்டு இங்க தண்ணி கொட்டிக்கெடக்குன்னு நெனச்சுட்டோம், எடைய வச்சுப் பாத்தா பூமியோட எடைல 0.02 சதவீதம் பக்கம்தான் வருது. பூமிய ஒரு ஃபுட்பால் சைஸுக்குச் சுருக்கினா, சராசரி 3.7 கிலோமீட்டர் ஆழமுள்ள கடல் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குகூட இருக்காது.

அந்தத் துளித் தண்ணிக்கே முக்காவாசி முங்கிருச்சு, மிச்சம் தப்பிச்சது கிரானைட் புண்ணியத்துல. கண்டங்களோட இந்த கிரானைட் மாதிரிப் பாறை, கடலடில இருக்கற பசால்ட்ங்கற எரிமலைப் பாறைய விட லேசு, அதான் உசரமா நிக்குது. தண்ணி இன்னொரு மடங்கு இருந்திருந்தா தோராயமா 2,700 மீட்டருக்கு மேல ஏறியிருக்கும், நம்ம தொட்டபெட்டாவே (2,637 மீட்டர்) காலி, திபெத், ஆண்டிஸ் மாதிரி நாலஞ்சு எடம்தான் மிஞ்சும். தண்ணி கொறஞ்சாலும் நிலத்தோட அளவு பெருசா மாறிடும், 20,000 வருஷம் முன்னாடி பனியுகத்துல கடல் 120 மீட்டர் எறங்கினதுக்கே இங்கேர்ந்து இலங்கைக்கு நடந்து போற அளவுக்கு பாக் நீரிணை காஞ்சு கெடந்துச்சு.

உயிருக்கு நிலம் எதுக்குன்னா, மழைத்தண்ணி காத்துல உள்ள கார்பன் டை ஆக்ஸைடோட சேந்து பாறைய அரிச்சு, அது கடலுக்குப் போய் சுண்ணாம்புக்கல்லாப் படியுது, அப்புறம் எரிமலை வழியா திரும்ப வெளிய வருது, பூமி ஒரேயடியா கொதிக்காம ஒரேயடியா உறையாம இருக்கறதுக்கு இந்தச் சுத்து முக்கியமான காரணம். பாஸ்பரஸும் பெரும்பாலும் நிலத்துலேர்ந்துதான் கடலுக்குப் போவுது. கிரகம் பூரா ஆழக்கடலா இருந்தா இதெல்லாம் எங்கேர்ந்து வரும்?

இதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. உயிர் வாழத் தோதான கிரகங்கள்ல பெரும்பாலானதுல 90 சதவீதத்துக்கு மேல கடலாத்தான் இருக்கும்னு 2017-ல ஃபெர்கஸ் சிம்ப்சன்ங்கற ஆராய்ச்சியாளர் புள்ளியியல் கணக்கு போட்டுச் சொன்னாரு. அதுக்கு முன்னாடி 2014-லயே கோவன், ஆபட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், பெரிய பாறைக் கிரகத்துல கடலடி அழுத்தம் தண்ணிய உள்ள மேன்டிலுக்கு (மேலோட்டுக்குக் கீழ இருக்கற பாறை அடுக்கு) தள்ளிரும், அதனால நிலம் தலைதூக்க வழி இருக்குன்னாங்க. மேன்டில்ல தண்ணி நிக்குமான்னு கேக்கறவங்களுக்கு, அதே வருஷம் பிரேசில் வைரம் ஒண்ணுக்குள்ள மேன்டில் ஆழத்துல உருவாகற ரிங்வுடைட்ங்கற கனிமத்தோட கண்ணுக்குத் தெரியாத துணுக்கு கெடச்சுது, அதோட எடைல ஒரு சதவீதத்துக்கு மேல தண்ணி. இவ்ளோ சுவாரசியமான சண்டைய விட்டுட்டு "நீல கிரகம்"னு கலர் படம் மட்டும் ரெண்டு பக்கத்துக்குப் போட்டா எப்டிங்க?

அடுத்த தடவ தண்ணி கண்டுபுடிச்சாங்கன்னு நியூஸ் போட்டா எவ்ளோ தண்ணின்னும், நிலம் இருக்க வாய்ப்பு இருக்கான்னும் ரெண்டு வரி சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி