ஜூன் 14-க்குள்

மண்டபம்
24.5.2025

மாப்ளே,

பொங்கல் முடிந்து நீ போட்ட கடிதத்துக்குப் பதில் எழுதாமல் நாலு மாதம் போய்விட்டது. கோபித்துக்கொள்ள உனக்கு உரிமை இருக்கிறது, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். கச்சான் அடிக்கத் தொடங்கிவிட்டது. புதுப் பாலத்தில் ரயில் போவதைப் பார்க்கத் தொண்டியிலிருந்து அத்தையே இரண்டு தடவை வந்துவிட்டுப் போயாயிற்று, நீதான் வந்தபாடில்லை. பனங்கிழங்கு பாக்கி அப்படியே நிற்கிறது, அதை மட்டும் மறந்துவிடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மீன் விற்கும் தளத்துக்கு வந்த ஆர்டர் எல்லாம், ஆர்டர் சேவைக்குப் போகாமல், ஒரு சனிக்கிழமை பூராவும் முகப்புப் பக்கத்துக்குப் போன கதையை எழுதிவிட்டு, கடைசியில் "லோட் பேலன்சர் கோளாறு" என்று முடித்திருக்கிறாய். கோளாறே இல்லை மாப்ளே. வருகிற கோரிக்கையை எந்தச் சர்வருக்கு அனுப்புவது என்று பிரிப்பதுதான் லோட் பேலன்சரின் வேலை. அதற்கு என்ன சொல்லி வைத்திருந்ததோ அதைத்தான் செய்தது. நீ அனுப்பிய டெராஃபார்ம் (சர்வர் அமைப்பைக் கோப்பில் எழுதினால் அதன்படி உருவாக்கும் கருவி) கோப்பைத் திறந்து பார்த்தேன். 23 லிசனர் ரூல் (எந்த முகவரி எங்கே போக வேண்டும் என்ற விதி) இருக்கிறது, ஒன்றில்கூட பிரையாரிட்டி, அதாவது முன்னுரிமை எண், எழுதிய வரி இல்லை. அதைப் பார்த்ததும்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடை முடிகிறது. 15-ஆம் தேதி விசைப்படகு கடலுக்குப் போய்த் திரும்பியதும் உன் தளத்தில் கூட்டம் குவியும். இப்போது நாட்டுப்படகு மீன் மட்டும் வருகிற இந்த அமைதியான நாட்களை விட்டால் இதைச் சரிசெய்ய உனக்கு வேறு நேரம் கிடைக்காது.

அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சரில் ஒவ்வொரு ரூலுக்கும் 1 முதல் 50,000 வரை ஒரு எண் உண்டு. சின்ன எண்ணை முதலில் பார்க்கும். எது முதலில் பொருந்துகிறதோ அதோடு முடிந்தது, அதற்குக் கீழே இருப்பதைப் பார்க்கவே பார்க்காது. எண்ணை எழுதாமல் விட்டால், அந்த நேரத்தில் இருக்கிற பெரிய எண்ணுக்கு அடுத்தது தானாக விழும். டெராஃபார்ம் ஒரே நேரத்தில் பத்து வேலைகளை இணையாக ஓட்டும். ஆகவே எந்த ரூல் முந்திப் போய்ச் சேருகிறதோ அதற்குச் சின்ன எண். கோப்பில் நீ மேலே எழுதினாயா கீழே எழுதினாயா என்பதற்கு மதிப்பே கிடையாது. எல்லாப் பாதைக்கும் பொருந்தும் உன் '/*' முந்திக்கொண்டது, '/ஆர்டர்/*' அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான் நடந்தது. அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினால் வேறொரு வரிசை வரும். இந்த முறை சரியாக விழுந்தது என்று நம்பி விட்டுவிடாதே. (பாதைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், கோப்பில் உன் பழைய பெயர்களே இருக்கட்டும்.)

அதனால் முதல் வேலை, எண்ணை மனிதன் எழுத வேண்டும். ரூல்களை எல்லாம் ஒரே ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பில் போடு. ஒரு ரூலுக்கு ஒரு வரி. பெயர், எண், ஹோஸ்ட் (தளத்தின் பெயர்), பாதை, டார்கெட் குரூப் (கோரிக்கை போய்ச் சேரும் சர்வர்களின் கூட்டம்), சோதிக்க ஒரு மாதிரி முகவரி என்று ஆறு நிரல் போதும். டெராஃபார்மில் அதைப் படித்து, பெயரைச் சாவியாக வைத்து ஃபார்-ஈச் (ஒவ்வொரு வரிக்கும் ஒரு ரூல் உருவாக்கும் கட்டளை) போடு. எண்ணிக்கையை வைத்து உருவாக்கும் கவுண்ட் போடாதே. கவுண்டில் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் அதன் இடம்தான். நடுவில் ஒரு வரியை எடுத்தால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஒரு படி நகர்ந்து, தொடாத ரூல்கள் எல்லாம் மாறியதாகத் திட்டத்தில் (எதை மாற்றப்போகிறது என்று டெராஃபார்ம் முன்கூட்டிக் காட்டும் பட்டியல்) வரும். பெயர்ச் சாவியில் எடுத்த ஒன்று மட்டும் போகும்.

எண்களை நெருக்கி வைக்காதே. ஆர்டர் சேவைக்கு 10,000 வரிசை, ஏல விலைக்கு 20,000, படங்களுக்கு 30,000, முகப்புக்குக் கடைசியாக 40,000. ஒவ்வொரு வரிசைக்குள்ளும் நூறு நூறாக இடைவெளி விடு. குறுகலான பாதைக்குச் சின்ன எண், அகலமானதற்குப் பெரிய எண். ஒரு ரூலுக்கு ஒருமுறை கொடுத்த எண் அதற்கே சொந்தம், அழகுக்காக மாற்றக் கூடாது. இரண்டு ரூலின் எண்ணை ஒன்றுக்கொன்று மாற்றினால், இந்த எண் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வந்து பாதியில் நிற்கும், ஏனென்றால் டெராஃபார்ம் ஒவ்வொன்றாக மாற்றப் பார்க்கிறது. கட்டாயம் மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒன்றைக் காலியான ஓர் எண்ணுக்கு நகர்த்து, ஒருமுறை அப்ளை செய் (எழுதியதை நடைமுறைக்குக் கொண்டுவரும் கட்டளை), பிறகு இரண்டாவது சுற்று. அமேசானின் கட்டளை வரியில் ரூல் முன்னுரிமைகளை மொத்தமாக ஒரே அழைப்பில் மாற்றும் வழியும் உண்டு. ஆனால் அதன் பிறகு கோப்பையும் கையோடு திருத்தவில்லையென்றால் அடுத்த அப்ளை பழையபடி ஆக்கிவிடும்.

1 முதல் 99 வரை சும்மா விட்டுவை. ஆபத்துக் காலத்தில் 10-ஆம் எண்ணில் நிலையான 503 (சேவை இப்போது இல்லை) பதில் தரும் ரூல் ஒன்று போட்டால், தளம் முழுவதற்கும் பராமரிப்பு அறிவிப்பு ஒரு நிமிடத்தில் ஏறிவிடும்.

'/*' ரூலை எடுத்துவிடு. முகப்புக்கு உன் தளத்தின் ஹோஸ்ட் பெயரை நிபந்தனையாக வைத்து 40,000-இல் ஒரு ரூல் எழுது. எதற்கும் பொருந்தாதவை வந்து விழும் டிஃபால்ட் ரூலை அழிக்க முடியாது, அதற்கு நிபந்தனையும் கிடையாது, எப்போதும் கடைசியில் நிற்கும். அதை எந்தச் சர்வருக்கும் அனுப்பாமல் நிலையான 404 (பக்கம் இல்லை) ஆக்கு. ஐபி முகவரியைத் தடவிக்கொண்டு வருகிற கண்ட கண்ட கோரிக்கை எல்லாம் அங்கேயே திரும்பிவிடும், உன் சர்வரைத் தொடாது.

அடுத்ததுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. அப்ளை செய்யுமுன் வரிசை சரியா என்று கணினியே சொல்ல வேண்டும். இருபது வரி பைத்தான் போதும். சிஎஸ்வியைப் படி, எண்படி அடுக்கு (எழுத்தாக அடுக்கிவிடாதே, 1000 என்பது 200-க்கு முன்னால் வந்து நிற்கும்), ஒவ்வொரு வரியின் மாதிரி முகவரியையும் மேலிருந்து கீழாகப் பொருத்திப் பார். முதலில் பொருந்துகிற ரூலின் பெயரும் அந்த வரியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஓர் அகலமான ரூல் அதை மறைக்கிறது. பைத்தானோடு வருகிற எஃப்என்மேட்ச் தொகுப்பில் எழுத்து வேறுபாடு பார்க்கிற வகையை எடுத்துக்கொள். அதிலும் லோட் பேலன்சரிலும் நட்சத்திரக் குறி சாய்கோடுகளைத் தாண்டிப் பொருந்தும், கேள்விக்குறி ஒரே ஓர் எழுத்துக்கு நிற்கும். ஹோஸ்ட் பெயரை மட்டும் சின்ன எழுத்தாக்கிவிட்டு ஒப்பிடு. லோட் பேலன்சர் ஹோஸ்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது, பாதையில் பார்க்கும். இந்தச் சோதனை அன்றைக்கு இருந்திருந்தால் அந்தச் சனிக்கிழமையே நடந்திருக்காது.

எண் இரட்டிக்காமல் இருக்க டெராஃபார்மிலேயே ஒரு முன்நிபந்தனை வை. எண்களின் எண்ணிக்கையும் தனித்த எண்களின் எண்ணிக்கையும் சமமாக இல்லையென்றால் திட்டமே நின்றுவிடட்டும்.

பாதை எழுதுவதில் உன் கோப்பில் இரண்டு ஓட்டை பார்த்தேன். '/ஆர்டர்/*' என்பது வெறும் '/ஆர்டர்' என்று வருவதைப் பிடிக்காது. அதற்காக '/ஆர்டர்*' என்று எழுதினால் '/ஆர்டர்பழையது' என்பதையும் சேர்த்து விழுங்கும். இரண்டு மதிப்பாக '/ஆர்டர்', '/ஆர்டர்/*' என்று கொடு. ஆனால் ஒரு ரூலில் எல்லா நிபந்தனையும் சேர்த்து மதிப்புகள் 5-க்கு மேல் போகாது. ஹோஸ்ட் ஒன்று, பாதை நாலு என்றால் தீர்ந்தது, அடுத்ததற்கு இன்னொரு ரூல். லோட் பேலன்சருக்கு மொத்தம் 100 ரூல் என்பது தொடக்க வரம்பு, கேட்டால் கூட்டித் தருவார்கள். உனக்கு அந்தக் கவலை இல்லை. இன்னொன்று, வெறும் ஃபார்வர்ட் பாதையை வெட்டாது. '/ஆர்டர்/45' என்று வந்தது சர்வருக்கும் '/ஆர்டர்/45' என்றே போகும். சேவை அதை எதிர்பார்க்கவில்லையென்றால் சர்வர் 404 தரும், நீ ரூலைச் சந்தேகப்பட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாய்.

கையால் போட்ட பழைய ரூல்களை அழித்துவிட்டு மறுபடி உருவாக்கலாம் என்று நினைக்காதே. டெராஃபார்ம் 1.5-இலிருந்து இம்போர்ட் பிளாக் இருக்கிறது. ஒவ்வொரு ரூலின் ஏஆர்எனையும் (அமேசான் தரும் அடையாளப் பெயர்) கொடுத்து உள்ளே இழுத்துக்கொள். இப்போது ஓடுகிற எண்களையே முதலில் சிஎஸ்வியில் எழுது. சேர்ப்பது 0, மாற்றுவது 0, அழிப்பது 0 என்று திட்டம் வரும்வரை கோப்பைத் திருத்து. அதற்குப் பிறகுதான் புது எண். ஒரே நாளில் இரண்டையும் செய்யாதே.

டார்கெட் குரூப்பில் ஒரு வம்பு உண்டு. போர்ட்டையோ புரோட்டோகாலையோ மாற்றினால் அதை அழித்துப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். ஆனால் ஒரு ரூல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அழிக்க விடாது, பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வரும். அழிக்குமுன் உருவாக்கு என்ற லைஃப்சைக்கிள் வரியைப் போடு. பெயரை முழுதாகக் கொடுக்காமல் முன்னொட்டாகக் கொடு, இல்லையென்றால் ஒரே பெயரில் இரண்டு என்று அது வேறு தகராறு. முன்னொட்டு 6 எழுத்துக்கு மேல் போகக் கூடாது.

ஹெல்த் செக், அதாவது சர்வர் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை, சும்மா விட்டால் அமேசானின் வழக்கப்படி 30 நொடிக்கு ஒருமுறை தட்டும். இரண்டு முறை தவறினால் சர்வரை ஒதுக்கும். ஒதுக்கியது திரும்பி வர ஐந்து முறை தேற வேண்டும், அதாவது இரண்டரை நிமிடம். 15-ஆம் தேதி அது நீளம். 10 நொடி, தேற 2 முறை என்று குறை. ஒரு குரூப்பில் எல்லாச் சர்வரும் தேறாமல் போனால் எல்லாவற்றுக்கும் அனுப்பத் தொடங்கிவிடும், அதனால் பக்கம் அரைகுறையாக வேலை செய்வதுபோலத் தெரியும். குரூப்பே காலி என்றால் 503. 502 (சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை) அங்கங்கே தூறல் மாதிரி வந்தால் கீப்-அலைவை, அதாவது இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் நேரத்தை, பார். லோட் பேலன்சர் சும்மா இருக்கும் இணைப்பை 60 நொடி வைத்திருக்கும். உன் நோட் சர்வர் வழக்கமாக 5 நொடியில் மூடிவிடும். மூடிய கதவில் போய் முட்டுகிறது. சர்வரில் 65 நொடியாவது வை.

ஒரு சர்வரைக் கழற்றும்போது பழைய கோரிக்கை முடிய 300 நொடி காத்திருக்கும். பாம்பனில் அடியில் படகு கடந்துகொண்டிருக்கும்போது தூக்குப் பாலத்தை இறக்கமாட்டார்கள் அல்லவா, அதே காரணம்தான். உன் ஆர்டர் கோரிக்கை எதுவும் சில நொடிக்கு மேல் நீளாது, 30 போதும். படம் ஏற்றும் சேவைக்கு மட்டும் 300-ஐத் தொடாதே.

அக்சஸ் லாகை (வந்த கோரிக்கைகளின் பதிவு) இன்றைக்கே திறந்துவிடு. யாரும் திறக்காவிட்டால் அது மூடியே இருக்கும். ஒவ்வொரு கோரிக்கையும் எந்த எண் ரூலில் விழுந்தது என்று அதில் ஒரு புலம் உண்டு. 0 என்றால் டிஃபால்ட். அப்ளை செய்த பத்து நிமிடத்தில் எண்வாரியாக எண்ணிப் பார். 10,000 வரிசையில் ஒன்றுகூட இல்லை, 40,000-இல் எல்லாம் குவிந்திருக்கிறது என்றால் வாடிக்கையாளர் போன் போடுமுன் உனக்குத் தெரிந்துவிடும். அந்த நிம்மதிக்கு ஈடு இல்லை.

கடைசியாக ஒன்று, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அமேசானின் கன்சோலில் (இணையத் திரை) யாருக்கும் ரூல் எழுதும் உரிமை இருக்கக் கூடாது, உனக்கும்தான். தம்பி "ஒரே ஒரு ரூல்தானே அண்ணே" என்று கேட்பான், கொடுக்காதே. தினமும் இரவு டெராஃபார்ம் திட்டத்தை விரிவான வெளியேற்றக் குறியீட்டோடு (-detailed-exitcode) ஓட்டு. 0 வந்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது, 1 பிழை, 2 வந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். 2 வந்தால் உன் போனுக்குச் செய்தி வரட்டும். ஸ்டேட் கோப்பை (எதை உருவாக்கியிருக்கிறது என்று டெராஃபார்ம் வைத்திருக்கும் கணக்கு) அமேசானின் எஸ்3 சேமிப்பில் பூட்டோடு வை. டெராஃபார்ம் 1.10-இலிருந்து அந்தப் பூட்டுக்குத் தனியாக டைனமோடிபி தரவுத்தளம் வேண்டாம்.

சின்னம்மா மகன் கூகுள் கிளவுட் பக்கம் இதையே செய்யப் போகிறானாம். அவனிடம் சொல்லிவிடு, அங்கே ஃபார்வர்டிங் ரூல் என்பது வெளி ஐபியும் போர்ட்டும் மட்டும்தான். பாதையைப் பிரிப்பது யூஆர்எல் மேப். அதில் சாதாரணப் பாதை ரூல்களில் வரிசைக்கு மதிப்பில்லை, நீளமாகப் பொருந்துவதே ஜெயிக்கும். நம் எண் கணக்கை அப்படியே அங்கே கொண்டுபோனால் குழம்பிவிடுவான். 35.191.0.0/16, 130.211.0.0/22 இரண்டையும் ஃபயர்வாலில் திறக்கச் சொல், இல்லையென்றால் ஹெல்த் செக் உள்ளேயே வராது, எல்லாச் சர்வரும் செத்ததாகக் காட்டும்.

சிஎஸ்வியை எழுதி முடித்ததும் அப்ளை செய்யாமல் எனக்கு அனுப்பு. 23 வரிதான், ஒரு ராத்திரியில் பார்த்துவிடுவேன். ஜூன் 8-க்குள் வந்தால் நல்லது, திருத்தி இரண்டு சுற்று ஓட்ட நாள் இருக்கும். அத்தை வரும்போது கணவாய்க் கருவாடு கொடுத்தனுப்புகிறேன், பங்கு பிரிக்காமல் நீயே வைத்துக்கொள்ளாதே.

உன் மச்சான்