பங்காளிகளின் கடல்: புத்தகம் முடித்த கையோடு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் மாதுங்கா வீட்டு வாசலில் நான்கு அட்டைப்பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனார்கள். முதல் பெட்டியைப் பிரித்து ஒரு பிரதியைக் கையில் எடுத்தேன். அட்டையில் என் பெயர் மட்டும் இருந்தது. அதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. உட்கார்ந்து இந்த மடலை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஈவிரக்கமில்லாத ஒரு கடற்கொள்ளைத் தலைவனின் கதையை எழுதப் போகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கொங்கணக் கடலில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சிம்மசொப்பனமாக இருந்த துளாஜி ஆங்க்ரேயின் கதை. எழுதி முடித்தபோது அது ஒரு வீட்டின் கதையாகிவிட்டது. அப்படி ஆக்கியது நீங்கள்தான்.

முதல் நன்றி தாணேயில் இருக்கும் மராத்தி டீச்சருக்கு. மராத்தியை அந்தக் காலத்தில் எழுதிய மோடி எழுத்தில் இருந்த நகல்களைத் தூக்கிக்கொண்டு முதன்முதலாக அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் அந்தத் தாள்களைப் பார்க்கக்கூட இல்லை. "இந்தப் பிள்ளைகளுக்கு அம்மா யார் யார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வம்சாவளியை வரைய ஆரம்பித்தார். நடுவில் கான்ஹோஜி ஆங்க்ரே. கீழே ஆறு மகன்கள்: செகோஜி, சம்பாஜி, மானாஜி, துளாஜி, யேசாஜி, தோண்டாஜி. எல்லோருக்கும் ஒரே தாய் இல்லை. "இதை முதலில் எழுதுங்கள், சண்டையெல்லாம் அப்புறம்" என்றார்.

கான்ஹோஜியைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். 1698-ல் மராட்டியக் கடற்படைக்கு 'சர்கேல்', அதாவது தலைவர், ஆனவர். அவர் கொடுக்கும் 'தஸ்தக்' அனுமதிச்சீட்டு இல்லாமல் அந்தக் கரையோரம் ஒரு வியாபாரக் கப்பலும் நிம்மதியாகப் போக முடியாது. சீட்டு வாங்க மறுத்த ஆங்கிலேயர்கள் அவரைக் கொள்ளைக்காரர் என்றார்கள். அவர்களும் போர்த்துக்கீசியரும் 1721-ல் கைகோத்து, அலிபாக் கரையை ஒட்டிக் கடலில் நிற்கும் கொலாபா கோட்டையைத் தாக்கி, முடியாமல் திரும்பினார்கள். 1729-ல் அவர் கண்ணை மூடும்வரை வெளியாட்கள் யாராலும் அவரை அசைக்க முடியவில்லை.

மூத்தவர் செகோஜி 1733-ல் இறந்தார். வீடு உடைந்தது அதற்குப் பிறகுதான். சர்கேல் பதவி சம்பாஜிக்குப் போனது. அது மானாஜிக்குப் பொறுக்கவில்லை. அப்பா எந்தப் போர்த்துக்கீசியரை விரட்டினாரோ, அதே போர்த்துக்கீசியரின் துணையோடு அப்பாவின் கொலாபாக் கோட்டைச் சுவரில் ஏறி உள்ளே நுழைந்தார். உள்ளே இருந்த தம்பி யேசாஜியின் கண்களைப் பிடுங்கிச் சிறையில் தள்ளினார்.

என் முதல் வரைவில் இந்தச் சம்பவம் 'பதவிப் போட்டி' என்ற தலைப்பில் இரண்டே வரிதான். டீச்சர் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எங்கள் மொழியில் இதற்கு பாவ்பந்தகி என்று ஒரு சொல் இருக்கிறது" என்றார். எங்களிடம் 'பங்காளிக் காய்ச்சல்' இருக்கிறது என்றேன். பங்காளி என்றால் என்ன என்று கேட்டார். சொத்தில் பங்கு உள்ளவன் என்றேன். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அந்த இரண்டு வரி பதினெட்டு பக்கமானது அப்படித்தான். டீச்சர், அந்த அத்தியாயம் உங்களுடையது.

அலிபாக் குதிரை வண்டிக்காரருக்கு அடுத்த நன்றி. கொலாபாக் கோட்டைக்கு நீர் வற்றும் நேரத்தில் கரையிலிருந்து நடந்தே போகலாம், வண்டியிலும் போகலாம். கடல் ஏறிவிட்டால் கோட்டை தீவாகிவிடும். குறிப்பெடுக்கும் சுவாரஸ்யத்தில் நேரம் போனது தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். மற்ற வண்டிகள் எல்லாம் கரையேறிவிட்டன. இவர் மட்டும் காத்திருந்தார். திரும்பும்போது குதிரையின் வயிற்றைத் தண்ணீர் தொட்டது. சக்கரத்தின் அச்சு முழுகிவிட்டது. குதிரையிடம் தணிந்த குரலில் என்னவோ பேசிக்கொண்டே வண்டியைக் கரை சேர்த்தார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

1740-ல் சம்பாஜி இதே கோட்டையை முற்றுகையிட்டு, உள்ளே இருந்த மானாஜிக்கு நல்ல தண்ணீர் போகவிடாமல் மறித்தார். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கோட்டைக்குள்தான் குளம் இருக்கிறதே, பிறகு என்ன? வண்டிக்காரரிடம் கேட்டேன். "குளத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே எத்தனை வாய் என்று பாருங்கள். குதிரைகளையும் சேர்த்து எண்ணுங்கள்" என்றார். எத்தனையோ புத்தகம் புரட்டியும் எனக்குக் கிடைக்காத பதில் அது. அந்த முற்றுகையை உடைக்க மானாஜி ஆங்கிலேயரையும் கூப்பிட்டார், மராட்டிய அரசின் பிரதமரான பேஷ்வாவின் படையையும் கூப்பிட்டார். இருவரும் வந்தார்கள். சம்பாஜியின் பக்கம் நின்ற துளாஜி அன்றைக்குப் பேஷ்வா படையிடம் பிடிபட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1735-லேயே பேஷ்வா பாஜிராவ் வந்து சமாதானம் பேசி, கொலாபாவை மானாஜிக்கும், தெற்கே இருக்கும் விஜய்துர்கக் கோட்டையைச் சம்பாஜிக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். அதைச் சிலர் நல்ல பஞ்சாயத்து என்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரே கடற்படை அன்றைக்கு இரண்டானது, இரண்டு பாதியும் பேஷ்வாவின் கையை எதிர்பார்க்க வேண்டியதானது.

பிடிபட்ட துளாஜி மீண்டு வந்து, சம்பாஜி இறந்தபின் 1743-ல் சர்கேல் ஆனார். 1745-ல், ஜஞ்சிராத் தீவை ஆண்ட ஆப்பிரிக்க வம்சாவளியினரான 'சித்தி'களிடமிருந்து அஞ்சன்வேல் கோட்டையைப் பறித்தார். 1749-ல் கம்பெனியின் பம்பாய்ப் படையில் பெயர்பெற்ற 'ரெஸ்டோரேஷன்' கப்பலையே பிடித்துக்கொண்டு போனார். 1754-ல் டச்சுக்காரர்களின் மூன்று கப்பல்களில் பெரிய இரண்டை எரித்து, மூன்றாவதைக் கைப்பற்றினார். இவற்றை எழுதும்போது எனக்கு உற்சாகம் கரைபுரண்டது, மறைக்கவில்லை. ஆனால் பேஷ்வாவுக்குச் சேர வேண்டிய கப்பத்தை நிறுத்தி, அவருடைய ஊர்களையே சூறையாடியதும் இவர்தான். அதையும் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

மெய்ப்பு பார்த்துக் கொடுத்த நண்பர் இங்கேதான் என்னைப் பிடித்தார். புத்தகம் முழுக்கக் கான்ஹோஜி 'அவர்', துளாஜி 'அவன்' என்று எழுதி வைத்திருந்தேன். "அப்பாவும் மகனும் செய்தது ஒரே தொழில். தோற்றவனுக்கு மட்டும் மரியாதை இல்லையா?" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். முந்நூறு பக்கத்திலும் மாற்றினேன். நன்றி நண்பா, அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஹர்ணை படகுக்காரரை எப்படி மறப்பது? மீன் ஏலம் முடிந்து, களைத்துப்போய் இருந்தவர். ஒரு காலத்தில் துளாஜியின் கையில் இருந்த சுவர்ணதுர்கம் கோட்டையைச் சுற்றிக் காட்டச் சொன்னதும் மறுபேச்சு பேசாமல் படகைத் தள்ளினார். 1755 ஏப்ரலில் கம்பெனியின் கமடோர் வில்லியம் ஜேம்ஸ் 44 பீரங்கிகள் கொண்ட 'ப்ரொடெக்டர்' கப்பலோடு வந்து முதலில் கடல்பக்கமிருந்து சுட்டார். சுவர் அசையவில்லை. மறுநாள் கோட்டைக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் வாய்க்காலுக்குள் கப்பலைக் கொண்டுவந்து தாக்கினார், கோட்டை விழுந்தது. அவ்வளவு பெரிய கப்பல் இவ்வளவு குறுகிய இடத்தில் எப்படி நுழைந்தது என்று கேட்டேன். படகுக்காரர் பேசாமல் மூங்கில் கழியைத் தண்ணீருக்குள் விட்டார். ஒரு இடத்தில் தரை தட்டியது. நாலு துடுப்பு தள்ளிப் போய் மறுபடி விட்டார். கழி முழுக்க உள்ளே போய், அவர் மணிக்கட்டும் நனைந்தது, தரை தட்டவில்லை. "இந்தப் பாதை உள்ளூர்க்காரன் சொல்லாமல் வெளியூர்க்காரனுக்குத் தெரியாது" என்றார். கோட்டையிலிருந்து தப்பி ஓடிவந்த ஒருவன் ஜேம்ஸுக்கு விவரம் சொன்னான் என்பது நான் படித்த செய்திதான். அதன் கனம் என்ன என்று அந்தக் கழி நனைந்தபோதுதான் புரிந்தது. ஜேம்ஸ் வந்ததே பேஷ்வாவின் அதிகாரிகளோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில்தான்.

விஜய்துர்கத்தில் எங்களுக்குச் சோறு போட்ட அக்காவுக்கும், கிர்யே கிராமத்தில் பாறையைக் குடைந்து செய்த ஆங்க்ரேக்களின் கப்பல் துறைக்கு முள்ளை விலக்கி வழிகாட்டிய பையன்களுக்கும் நன்றி. குராப், கல்பத் என்ற அந்தக் காலக் கப்பல்களை அவர்கள் மண்ணில் குச்சியால் வரைந்து காட்டச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த மட்டும் வரைந்தேன். கல்பத்தில் துடுப்பு போதாது என்று அவர்களே சேர்த்துப் போட்டார்கள்.

அந்தத் துறையில் நின்றுகொண்டுதான் 1756 பிப்ரவரியை எழுதத் துணிவு வந்தது. ஆங்கிலேய அட்மிரல் வாட்சனும், ஆற்காட்டால் நமக்குத் தெரிந்த அதே ராபர்ட் கிளைவும் பெரும்படையோடு விஜய்துர்கத்துக்கு வருகிறார்கள். தரையில் பேஷ்வாவின் படை. துளாஜி கோட்டையைத் தன் வீட்டு மனிதர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, சமாதானம் பேச மராட்டியப் பாசறைக்குப் போனார். போனவரைத் திரும்ப விடவில்லை. கொலாபாவில் இருந்த ஆங்க்ரேக்கள் அவருக்காக வரவில்லை. 12-ஆம் தேதி மாலை ஒரு குண்டு அவர் பிடித்து வைத்திருந்த அந்த 'ரெஸ்டோரேஷன்' மேல் விழுந்து தீப்பிடித்தது. அருகருகே கட்டிக் கிடந்த கப்பல்களுக்குத் தீ தாவியது. கான்ஹோஜி காலத்திலிருந்து கட்டி வளர்த்த படை அன்று சாயங்காலமே கரியானது. கோட்டைக்குள் கிடைத்த சுமார் பத்து லட்சம் ரூபாயை ஆங்கிலேயர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். பேஷ்வாவுக்குப் பணமும் இல்லை, கோட்டையும் உடனே இல்லை. அக்டோபரில் ஓர் உடன்படிக்கை போட்ட பிறகுதான் கோட்டை அவர் கைக்கு வந்தது. தன் கடற்படையின் பாதியைத் தானே ஆள் வைத்துக் கொளுத்தியவர் என்றுதான் பாஜிராவுக்குப் பின் பேஷ்வாவான அவர் மகன் நானாசாகேபை நான் சொல்வேன். துளாஜி பேஷ்வாவின் சிறையிலேயே இறந்தார்.

கடைசியாக, இந்தப் புத்தகத்தைத் தட்டச்சு செய்து பக்கம் அமைத்துக் கொடுத்த தாராவி தங்கைக்கு. விஜய்துர்கம் விழுந்தபின் துளாஜியின் தாயும் மனைவிமாரும் பிள்ளைகளும் கோட்டைக்குள் அகப்பட்டார்கள். வாட்சன் அவர்களைப் பார்க்கப் போனதை அவரோடு வந்த கப்பல் மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு இனி மகன் இல்லை, பிள்ளைகளுக்குத் தகப்பன் இல்லை என்று அந்தத் தாய் அழுதாராம். இனி என்னைத் தகப்பனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று வாட்சன் சொல்ல, ஆறு வயதுப் பையன் ஒருவன் விசும்பிக்கொண்டே வந்து, அப்படியென்றால் நீதான் என் அப்பா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டானாம்.

இந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்த இரவு பதினொரு மணிக்குத் தங்கையிடமிருந்து போன். "அண்ணா, அந்த வீட்டுப் பிள்ளைகள் அப்புறம் என்ன ஆனார்கள்?" பேஷ்வாவின் காவலிலிருந்து துளாஜியின் மகன்கள் இருவர் பல வருடம் கழித்துத் தப்பி, பம்பாய்க்கு வந்து ஆங்கிலேயரிடமே அடைக்கலம் புகுந்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இதை ஏன் எழுதவில்லை?" என்றாள். அத்தியாயம் நீண்டுவிட்டது, பக்கக் கணக்கு இடிக்கும் என்றேன். "பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் எழுதி அனுப்புங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டாள். எழுதி அனுப்பினேன். 287-ஆம் பக்கத்தில் கடைசிப் பத்தி அது. அதற்கு இடம் பண்ண அவள் நான்கு பக்கத்தை மறுபடி கோத்திருக்கிறாள், கூலியும் வாங்கவில்லை.

அடுத்த வாரம் அலிபாக் போகிறேன். வண்டிக்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கோட்டைப் படத்தில் ஓரமாக அவர் குதிரை நிற்கிறது. அந்தப் பக்கத்தில் நூல் வைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மாதுங்கா நண்பன்