பேட்டரி பக்கத்தில் ஒரு ஃபியூஸ்: சென்னை கார் ஆடியோ கடைக்காரர்களுக்குத் திறந்த மடல்

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் நகரின் மற்ற இடங்களிலும் கார் ஆடியோ கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

போன மாதம் நகரத்தில் ஒரு கடையில் என் காருக்கு ஆம்ப்பும் (சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) சப்-ஊஃபரும் (பாஸ் அடிக்கும் பெரிய ஸ்பீக்கர்) மாட்டினேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. பத்து நாள் நன்றாகப் பாடியது. பதினோராம் நாள் பெரம்பூர் மேம்பாலத்தில் ஏறும்போது, முன் சீட்டில் இருந்த அம்மாவின் காலடியிலிருந்து புகை வந்தது.

சாவியைத் திருப்பி எடுத்தேன். பாட்டு நின்றது, புகை நிற்கவில்லை. பேட்டரியிலிருந்து நேராக டிக்கிக்குப் போகும் ஒயருக்குச் சாவி ஒரு பொருட்டே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மாவுக்கு முட்டி வலி. இடது காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்து, அப்புறம்தான் எழுந்திருக்க முடியும். பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன். "செருப்பு ஒட்டுதுடா" என்றார். கார்ப்பெட் உருகிக்கொண்டிருந்தது. ஓர் ஆட்டோக்கார அண்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடிவந்து, தன் பத்தாம் நம்பர் ஸ்பானரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். அதற்குப் பிறகுதான் அடங்கியது. அவருக்கு ஒரு டீ கூட வாங்கித் தர முடியவில்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியன் பிரித்துக் காட்டினார். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வாஷர் இல்லை. தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்து, உள்ளே இருக்கும் கம்பி வண்டியின் பாடியில் தொட்டு ஷார்ட் ஆகிவிட்டது. ஃபியூஸ் இருந்தது, ஆனால் டிக்கியில், ஆம்ப்புக்குப் பக்கத்தில். வழியிலேயே ஒயர் பாடியில் தொட்டால் கரண்ட் அந்த ஃபியூஸ் வரை போவதே இல்லை, அப்புறம் அது எப்படி எரியும்? பேட்டரி பக்கத்து ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்றத்தான். அதனால்தான் கேட்கிறேன்: பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள், அந்த ஒயர் தாங்கும் அளவுக்கு ஒரு ஃபியூஸ் போடுங்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். காப்பர் ஒயர் என்று காசு வாங்கினார்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. அதே தடிமனில் அது செம்பு அளவுக்குக் கரண்டைக் கடத்தாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மையாகவே 1000 வாட் தரும் கிளாஸ் டி ஆம்ப் (கரண்டை அதிகம் வீணாக்காத வகை), முழுச் சத்தத்தில் ஏறக்குறைய 90 ஆம்பியர் இழுக்கும். 8 கேஜில் (கேஜ் என்பது ஒயரின் தடிமன் எண், எண் கூடினால் ஒயர் மெலிது) 5 மீட்டர் சுத்தச் செம்பு ஒயர் போட்டாலே ஒரு வோல்ட் அளவுக்கு வழியில் போய்விடும், 80 வாட் சூடாக மாறும். அலுமினியம் என்றால் இன்னும் மோசம். சித்திரை வெயிலில், பானெட்டுக்குள் ஏற்கெனவே கொதிக்கிற இடத்தில் இந்தச் சூடும் சேர்கிறது.

வண்டியின் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் டைனமோ) எத்தனை ஆம்பியர் என்று யாரும் கேட்கவில்லை. ஏசி, ஹெட்லைட் எல்லாம் போக, சின்ன காரில் 90 ஆம்பியர் மிஞ்சாது. ஹெட்லைட் மினுக்குகிறது என்று போய் நின்றால் கெப்பாசிட்டர் விற்கிறீர்கள். கெப்பாசிட்டர் கரண்ட் உண்டாக்காது, கண் இமைக்கும் நேரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கும், அவ்வளவுதான். எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டாமல் ஒரு ஸ்க்ரூவில் செருகிவிடுகிறீர்கள். பெட்டியில் 5000 வாட் என்று அச்சடித்திருப்பதைக் காட்டி விற்கும்போது, ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வாட்) எவ்வளவு என்று ஏன் சொல்வதில்லை? பாஸ் அடிப்பதைக் கேட்க வருகிற பையன்களுக்கு இதெல்லாம் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே! தெரிந்தவர்கள் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஒழுங்காக வேலை செய்யும் மெக்கானிக்குகள் உங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த ஒழுங்கை எல்லாக் கடைக்கும் பொதுவாக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ். ஓட்டையில் ரப்பர். பில்லில் ஒயர் செம்பா அலுமினியமா, எத்தனை கேஜ், ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று ஒரு வரி. கூடுதலாக ஆகும் செலவைச் சொல்லுங்கள், கொடுக்கிறோம்.

அம்மா இப்போதெல்லாம் பின் சீட்டில்தான் உட்காருகிறார். பாட்டு போடச் சொல்வதில்லை.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்